யாருக்கும் நீட்டாத டப்பா

மலைக்குக் காய் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிலமலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். அதற்குப் பிறகு இந்தக் கை பேனாவைப் பிடித்ததைவிட ஏலக்காய்ச் சரத்தைப் பிடித்ததுதான் அதிகம். மறதியும் உண்டு. எது முந்தி எது பிந்தி என்று சில இடத்தில் குழப்பியிருப்பேன்.

போன மாதம் நம் சங்கக் கூட்டத்தில், வேலையை விட்ட அக்காமார் எழுந்து புதுப் பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் அத்தனை முகம். எழுந்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பதிலாகப் பேச்சியம்மாள் எழுந்து என்னைப் பற்றி ஏதோ சொன்னாள். அவள் சொன்னதில் ஒன்று தப்பு. அதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் விளங்காது. முதலில் இருந்தே வருகிறேன்.

காய் எடுப்பது எப்படி என்று எழுதப் போவதில்லை. எது முற்றினது, எது பிஞ்சு என்று ரெண்டு எடுப்பில் உங்கள் விரலே கற்றுக்கொள்ளும். நான் எழுதுவது சாப்பாட்டைப் பற்றி. எனக்கு வயிறு இல்லை. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஆபரேசன் செய்து இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் வருசக்கணக்கில் உங்களைப் போல ஜீப்பில் ஏறி மலைக்குப் போய், ஏலச்செடி வரிசையில் நிரை பிடித்தேன்.

ஏலக்காயில் ஆரம்பிக்கிறேன். மலையில் வேலை செய்கிற நமக்கு வயிற்றில் என்ன வந்தாலும் மருந்து கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. வயிறு உப்புசமா, ஒரு காயைக் கடி. புளித்த ஏப்பமா, இன்னொன்றைக் கடி. நம் ஜீப்பில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் கடித்தேன். நாலு வாய் உண்பதற்குள் வயிறு நிறைந்துபோகும். நெஞ்சுக்குழிக்குக் கீழே கல்லை வைத்த மாதிரி இருக்கும். ஒரு காயை உரித்து விதையை வாயில் அதக்கிக்கொண்டு குனிவேன். ஏப்பம் வரும், கொஞ்சம் லேசாகும், மறுபடி கல் வந்து உட்காரும், மறுபடி ஒரு காய். ஒரு பருவம் முழுக்க அப்படியே ஓட்டினேன். வாய் மணந்துகொண்டே இருந்தது. உள்ளே நோய் வளர்ந்துகொண்டே இருந்தது. பாவாடை நாடாவை மாதத்துக்கு மாதம் இழுத்துக் கட்ட வேண்டியதாயிற்று.

"என்ன மதினி, மெலிஞ்சு கொமரியாட்டம் ஆகிட்டீக. யாருக்காக இம்புட்டு?" என்று பக்கத்து நிரையில் இருந்து பேச்சியம்மாள் கேலி பண்ணுவாள். அவள் என் தம்பி முறைக்காரனைக் கட்டினவள். பக்கத்துப் பக்கத்து நிரைதான் எங்களுக்கு எப்போதும். அவள் கேலியைக் கேட்டு எனக்கும் உள்ளுக்குள் சந்தோசம்தான். வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுப்பாகப் போன அன்றுதான் பயந்து மருமகள் முருகேஸ்வரியிடம் வாயைத் திறந்தேன்.

பிள்ளைகளே, ஏலக்காய் நமக்குக் கூலி. மருந்து இல்லை. தின்ற சோறு பழையபடி இறங்கவில்லை, உடம்பு சும்மா கரைகிறது என்றால் காயைக் கடிக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். காய் வலியை அடக்கவில்லை. நான் சொல்லவேண்டிய வாயைத்தான் அடக்கியது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் எங்களை உட்காரவைத்து, இரைப்பையில் புற்று, முழுசையும் எடுக்கவேண்டும் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேஸ்வரிதான் கேட்டாள்.

"அப்ப சோறு எங்க சார் போகும்?"

தொண்டையில் இருந்து இறங்குகிற குழாயை நேரே குடலோடு சேர்த்துத் தைத்துவிடுவோம் என்றார். "பை இருக்காதும்மா. வழி இருக்கும். பையில கொட்டுற மாதிரிக் கொட்டக் கூடாது, அவ்வளவுதான்."

ஆபரேசன் முடிந்து வார்டில் இருந்தபோது ஒரு நர்சம்மா தினமும் வந்து எதை உண்ணவேண்டும், எப்படி உண்ணவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பெரியவர்கள் பேசும்போது விளங்காவிட்டாலும் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம். வீட்டுக்கு வந்து யோசித்தால் அந்த அம்மாவின் மூக்குத்திதான் ஞாபகம் இருந்தது, சொன்னது ஒன்றும் இல்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டு ஆளுக்கோ இப்படி நேர்ந்தால் தலையாட்டாதீர்கள். விளங்காததை மூன்று தடவை கேளுங்கள். அந்த அம்மா கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வீட்டில் என்னைச் சீராட்டத் தொடங்கினார்கள். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. நம் ஊரில் உடம்பு விழுந்தவளுக்கு என்ன கொடுப்பார்கள்? கருப்பட்டி தட்டிப்போட்ட உளுந்தங்கஞ்சி. ஒரு சொம்பு நிறைய, சுடச்சுட. முருகேஸ்வரி ஆட்டுக்கல்லில் ஆட்டிக் காய்ச்சிக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரே மூச்சுல குடிங்க அத்தே. இடுப்புல தெம்பு வரும்."

வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆள் நான். குடித்தேன். கொஞ்ச நேரத்தில் காது அடைத்தது. நெற்றியில், பிடரியில் வேர்வை கொட்டியது. முதல் கியரில் மேடு ஏறுகிற ஜீப்பு மாதிரி நெஞ்சு உறுமியது. வயிறு முறுக்கிப் பிடித்தது. எல்லாரும் பதறிப்போய், தெம்பில்லாமல்தான் இப்படி ஆகிறது என்று இன்னும் ஒரு தம்ளர் கஞ்சியை வாயில் ஊற்றினார்கள். அன்று படுத்தவள்தான். சோற்றைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தேன்.

"நீங்க தின்னாட்டி ஊரு என்னயத்தான் பேசும் அத்தே, மாமியாளப் பட்டினி போட்டுட்டான்னு" என்று அவள் ஒருநாள் அழுதாள். பாவம், அவள் என்ன செய்வாள்? எனக்கோ பசி என்பதே வரவில்லை. பசி வரட்டும், உண்ணலாம் என்று காத்திருந்து காத்திருந்து எலும்பாகிப் போனேன்.

அந்த நிலையில்தான் போடியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் என்னைப் பிடித்து உலுக்கினார். பேர் வேண்டாம். கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம். வாடிக்கையாகச் சாமான் வாங்குகிற கடைதான். பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் வயசுதான் இருக்கும். அன்று ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது துவரம்பருப்பு கேட்டு நின்றேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையைப் பிய்த்துப் பிய்த்து மென்றுகொண்டிருந்தார். கடைக்கு வந்த ஆளைப் பார்த்து ஒரு வார்த்தைக்குக்கூட 'எடுத்துக்க' என்று சொல்லவில்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"என்னத்தப் பாக்கிற தாயி? கேட்டாலும் குடுக்க மாட்டேன். எனக்கு வயிறு கெடையாது. எடுத்துட்டாங்க."

பருப்புக்கு எடுத்த காசைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். "எனக்கும் இல்ல பாய்."

அவர் மெல்லுவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னையப் பாத்தா வயிறு மட்டுமா போன மாதிரி இருக்கு? ஆளே பாதி இல்லையே. என்ன திங்கிற?"

"பசிக்கவே மாட்டேங்குது."

"பசிக்காது. இனிமே அது வராது, அதுக்காகக் காத்துக் கெடக்காத. வயிறு உள்ளவன் பசிச்சாத் திங்கட்டும். நீயும் நானும் மணி பாத்துத் திங்கணும். இனிமே கடியாரந்தான் நமக்கு வயிறு."

சரக்கு கேட்டு வந்தவர்களை எல்லாம் நிற்கவைத்துவிட்டு அவர் எனக்குச் சொன்னார். ஒரு கைப்பிடிக்கு மேல் ஒரு நேரத்தில் வேண்டாம். அதையே பகல் முழுக்கப் பிரித்துப் பிரித்து உண். முதலில் முட்டை, மீன், பருப்பு என்று உடம்பில் ஒட்டுகிறது உள்ளே போகட்டும், மிச்ச இடத்துக்குச் சோறு. வாயில் போட்டதைக் கூழாகிற வரைக்கும் மெல், பல்தான் இனி அரைக்கவேண்டும். சோற்றோடு தண்ணீர் குடிக்காதே, அது தனி நேரம். சீனி, கருப்பட்டி, சர்பத்து எல்லாவற்றுக்கும் தூர இருந்து கும்பிடு. டாக்டர் போடச்சொன்ன சத்து ஊசியைச் சாகிற வரைக்கும் விடாதே.

எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. "நாள் பூராவும் தின்னுக்கிட்டே இருந்தா பாக்கிறவுக என்ன சொல்வாக பாய்?"

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் சுவர் ஓரமாக உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்து உண்பவள். ஆம்பளை யாராவது நிமிர்ந்து பார்த்தால் கையை எடுத்துவிடுவேன்.

பாய் சிரிக்கவில்லை. "நோன்பு மாசத்துல எங்க தெருவே பட்டினி கெடக்கும். நோயாளிக்கு நோன்பு கடமையில்லன்னு பள்ளிவாசல்ல சொல்லிட்டாங்க. இருந்தாலும் எல்லாரும் எச்சிலக்கூட முழுங்க யோசிக்கிற நேரத்துல நான் மட்டும் பட்டப்பகல்ல டப்பாவத் தொறக்கணும். மொத வருசம் மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு தின்னேன். அவசரமா முழுங்கி, அடைச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் இந்தா, கல்லாவுல உக்காந்துதான் திங்கிறேன். என்னாலயே முடியுதுன்னா உனக்கு என்ன?"

பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி டப்பாவைத் திறந்தார். கடைசி வரைக்கும் ஒரு துண்டு முட்டை எனக்கு நீட்டவில்லை. எனக்கு அந்த மனுசனை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அன்றைக்கு மறுநாளே முருகேஸ்வரி என் செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். அது அடிக்க அடிக்க உண்டேன். மெதுவாக உடம்பு நின்றது. ஊதிப் பெருக்கவில்லை, கரைவது நின்றது, அதுவே போதும். மருந்து ஏற்றுவதெல்லாம் முடிந்து, அடுத்த வருசம் எடுப்பு தொடங்குகிற சமயம் டாக்டரிடம் மலைக்குப் போகலாமா என்று கேட்டேன். நானே வாய் திறந்து கேட்டேன். பாரம் தூக்காதே, மயக்கமாக வந்தால் உடனே உட்கார், மற்றபடி போ என்றார்.

ஏன் போகவேண்டும் என்று மகன் சண்டை போட்டான். வீட்டில் இருந்தால் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மலையில் என் கையைப் பார்ப்பார்கள் என்றேன். இன்னொன்றும் உண்டு. ஜீப்பில் ஒருத்தியின் இடம் சும்மா கிடந்தால் அதில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுவாள். ஒரு பருவம் விட்டாயிற்று, இன்னொன்றும் விட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. உங்களுக்கே தெரியும்.

போன முதல் நாளே விழுந்தேன். எப்படி விழுந்தேன் என்பதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஆள்களைத் தவிர வேறு யாரும் இப்படி விழ மாட்டார்கள்.

நம் ஜீப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா? டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் உள்ள நாலு பேருக்கு நீட்டாமல் ஒரு வாய் வைக்கக் கூடாது. நீட்டாமல் தின்பவளை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டோம். அன்று நான் என் கைப்பிடி டப்பாவைத் திறந்தேன். முட்டை, ரெண்டு விள்ளல் இட்லி. கை தானாக நீண்டது. நெடுநாள் கழித்து வந்தவள் நீட்டினால் யார்தான் மறுப்பார்கள்? ஆளுக்கொரு கிள்ளு. டப்பா திரும்பி வந்தபோது பொடிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கினவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி பன்னை நீட்டினாள். ஒருத்தி அதிரசம். மலை உச்சியில், மெட்டில் ஜீப்பு நின்றதும் பேச்சியம்மாள் பால் ஊற்றாத கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தாள், சீனிப் பாகு மாதிரி. "எனக்காக ஒரு வா குடிங்க மதினி. எம்புட்டு நாளாச்சு நாம சேந்து குடிச்சு." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. குடித்துவிட்டேன்.

நிரையில் இறங்கிக் குனிந்ததுதான் தாமதம், காது அடைத்தது. அடுத்து வேர்வை. தலை குப்புறச் சருகில் விழுந்தேன். தோளுக்கு அந்தப் பக்கம் சரிவு. ஒருத்தி குளுக்கோஸ் என்றாள், ஒருத்தி திருநீறு என்றாள். கங்காணி வெள்ளைத்தாய் அக்கா ஓடிவந்து குளுக்கோஸ் தண்ணியை வாயருகில் கொண்டுவந்தாள். பேச வரவில்லை. பல்லை இறுக்கிக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அந்தப் பல் அன்று திறந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. சருகிலேயே படுத்துக் கிடந்தேன், தானாக அடங்கியது.

சாயங்காலம் இறங்கும்போது வெள்ளைத்தாய் அக்கா சொல்லிவிட்டாள். "நாளைக்கு வராத."

வந்தேன். விடிகிற நேரம், ரோடு பிரிகிற ஊர் விலக்கில் ஜீப்பு வந்து நின்றதும் எல்லாருக்கும் முன்னால் ஏறி, பின்னால் ஸ்டெப்னி பக்கம் என் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைத்தாய் அக்கா முன் சீட்டில் இருந்து இறங்கிப் பின்னால் வந்து நின்றாள்.

"ராமுத்தாயி, எறங்கு."

நான் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நேத்து நீ விழுந்த எடத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு பாத்தியா? உருண்டிருந்தா ஒன் மகனுக்கு யாரு பதில் சொல்றது? எறங்கு தாயி."

அவள் சொன்னதில் பொய் இல்லை. இறங்குவதுதான் மரியாதை. கால் எழுந்திருக்கவே பார்த்தது. அந்த நேரம் பார்த்து இடுப்பில் இருந்த செல்போன் அடித்தது. காலைச் சாப்பாட்டு அலாரம். ஜீப்பு முழுக்க என்னைப் பார்த்தார்கள். நான் பையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் பாழாய்ப்போன கை பழக்கத்தில் பேச்சியம்மாள் பக்கம் போயிற்று. இழுத்துக்கொண்டேன். முட்டையைப் பிட்டு என் வாயில் வைத்தேன். வைத்து மென்றேன். அத்தனை பேர் பார்க்க, யாருக்கும் நீட்டாமல், தலையைக் கவிழ்க்காமல் நான் உண்டது அதுதான் முதல் தடவை.

டிரைவர் தம்பி திரும்பிப் பார்த்தான். "யக்கா, மெட்டுல லோடு லாரி எறங்க ஆரம்பிச்சா வளைவுல மாட்டிக்கிருவோம். ஒரு முடிவச் சொல்லுங்க."

"இவ எறங்குனாத்தான் வண்டி எடுக்கணும்" என்றாள் வெள்ளைத்தாய் அக்கா.

"எப்ப எறங்குவீக பெரியம்மா?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "நான் மெதுவாத்தான்ப்பா மெல்லணும். தின்னு முடிச்சுக்கிறேன்."

"முடிச்சதும் எறங்கிருவீகளா?"

"முடிச்சதும் கொஞ்ச நேரம் அசையாம உக்காரணும்."

"அப்புறம்?"

"அப்புறம் தண்ணி குடிக்கணும். தண்ணிக்குத் தனி நேரம்."

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். வெள்ளைத்தாய் அக்காவுக்கு மூக்கு விடைத்தது. "இது என்ன ஜீப்பா, கல்யாணப் பந்தியாடி? எம்புட்டு நேரம்டி நிப்பாட்டுறது?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ, பேசினேன். "யக்கா, நேத்து நான் விழுந்தது வயிறு இல்லாததுனால இல்ல. என் சாப்பாட்ட ஊருக்கெல்லாம் நீட்டிப்புட்டு, ஊரு குடுத்த சீனியத் தின்னதுனால விழுந்தேன். இன்னைக்கு யாருக்கும் நீட்ட மாட்டேன். யாரு நீட்டுனாலும் வாங்க மாட்டேன். மயக்கமா வந்தா வர்றதுக்கு முந்தியே உக்காந்துக்கிருவேன். இன்னைக்கு ஒரு பொழுது பாருங்க. விழுந்தேன்னா நாளைக்கு நானே ஏற மாட்டேன். இப்ப எறங்க மாட்டேன்."

என் ஆயுசில் அவ்வளவு நீளமாக நான் பேசினது இல்லை. பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தாள். "அப்ப எங்க கை பட்டதுதான் ஒங்களுக்கு ஆகலையாக்கும்." அந்தச் சொல் தைத்தது. தைக்கட்டும் என்று மென்றேன்.

வெள்ளைத்தாய் அக்கா நின்று நின்று பார்த்தாள். நான் அடுத்த விள்ளலை எடுத்தேன். கடைசியில் அவள் முன்னால் போய் ஏறிக் கதவை அறைந்தாள். "எடுடா வண்டிய. விழட்டும், அப்ப வச்சுக்கிறேன்."

நேரமாகிவிட்டது. பயந்த மாதிரியே வளைவில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். மெட்டில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சீனி கம்மியாகப் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்வது ரெண்டாவது தடவையில் கொஞ்சம் சுலபமாகத்தான் இருக்கிறது.

தோட்டத்தில் அன்று பூத்தூறல். சாக்குப்பையை எல்லாரையும் போல இடுப்பில் கட்டவில்லை. தழும்பில் அழுத்தும் என்று தோளில் மாட்டிக்கொண்டேன். முதுகை வளைத்துக் குனிந்தால் கசப்பாகப் பித்தத் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும். அதனால் முதுகை நிமிர்த்திக் குந்தி உட்கார்ந்து, செடி மூட்டில், அடியில் படர்ந்திருந்த சரங்களைப் பார்த்தேன். செல்போன் அடித்தால் எழுந்து, மரத்தில் சாய்ந்து, டப்பா. பிறகு கொஞ்சம் சும்மா இருப்பு. பிறகு காய். பேச்சியம்மாள் பக்கத்து நிரையில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் உள்ளங்கை ஈரமாயிற்று. நெஞ்சு லேசாகத் தட்டியது. மழை ஈரமா, வேர்வையா? நோயா, பயமா? எனக்கே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் இருந்து வெள்ளைத்தாய் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது உட்கார்ந்தால் தோற்றுப்போனேன் என்று ஆகிவிடும். உட்காராமல் விழுந்தால் நிஜமாகவே தோற்றுப்போவேன். பையைக் கழற்றி வைத்துவிட்டு, சரிவுக்கு மேல் பக்கமாக, அவள் கண் முன்னாலேயே மரத்தில் சாய்ந்து காலை நீட்டிவிட்டேன். அவள் கிட்டே வந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல யக்கா. உக்காந்திருக்கேன்."

"மயக்கமா?"

"தெரியல. தெரியலன்னாலும் உக்காந்துக்கிற வேண்டியதுதான்."

அவள் போகவில்லை. குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தபடி நின்றாள். படபடப்பு அடங்கியது. அவித்த பயறு கொஞ்சம் எடுத்து மென்றேன். எழுந்து நிரைக்குப் போனேன். பிள்ளைகளே, வீம்பு வேறு, விழுவது வேறு. வீம்பு பிடிக்கத்தான் வேண்டும். எங்கே நின்று பிடிப்பது, எங்கே உட்கார்ந்து பிடிப்பது என்று தெரிந்து பிடிக்கவேண்டும்.

சாயங்காலம் நிறுவையில் என் சாக்கு குறைந்தது. வெள்ளைத்தாய் அக்கா "கொறையுது" என்றாள். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அடுத்தது பேச்சியம்மாள் சாக்கு. அதுவும் குறைந்தது. அதற்கடுத்ததும் குறைந்தது. ஒருத்தி சாக்கு மிச்சமில்லாமல் எல்லாம் குறைந்தது. மலையாளத்து சூப்பர்வைசர் வந்து, எல்லாம் ஏன் குறைவு, இன்று ஏன் தாமதம் என்று கேட்டார்.

"எந்தா வெள்ளைத்தாயே, எல்லாம் குறவாணல்லோ? இன்னு வைகி வந்நது எந்தா?"

வெள்ளைத்தாய் அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஊர் விலக்கில் ஜீப்பை நிறுத்திவைத்தது யார் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"வழியில லாரி சார்" என்றாள்.

ஜீப்பில் ஏறும்போது என் காதருகில் குனிந்தாள். "நாளைக்கு ஏறும்போதே மென்னுக்கிட்டு ஏறு. ஒன் பந்திக்கெல்லாம் வண்டிய நிறுத்த முடியாது." அவ்வளவுதான். என் இடம் எனக்கு ஆயிற்று.

பேச்சியம்மாள் கோபம் இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒருநாள் பேய் மழை. தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் செல்போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து நிரையில் இருந்து குரல் வந்தது. "மதினி! ஒங்க வயிறு கத்துது, எடுத்து என்னன்னு கேளுங்க!" நிரை முழுக்கச் சிரிப்பு. நான் டப்பாவைத் திறந்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, என் நிரையில் ஒரு செடிக் காயை எடுத்து என் சாக்கில் போட்டாள். அன்றிலிருந்து நான் டப்பாவைத் திறந்தால் யாரும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்கள். யார் கையும் நீளாது. நானும் நீட்ட மாட்டேன். நம் ஜீப்பில் நீட்டாமல் தின்ன ஒரே ஆள் நான்தான். அதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

போன வாரம்கூடப் போடிக்குப் போயிருந்தேன். பாய் கல்லாவில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். நான் நின்றபடியே என் டப்பாவைத் திறந்தேன். அவரும் நீட்டவில்லை, நானும் நீட்டவில்லை.

எனக்கு ஒத்தது எல்லாம் இன்னொருத்திக்கு ஒக்கும் என்று இல்லை. பால் எனக்குச் சேரும், பாய்க்குச் சேராது. மொச்சை அவருக்குச் சேரும், எனக்கு ஊதும். அதனால் நான் எழுதினதை அப்படியே நம்பி யாரும் நடக்கவேண்டாம். ஆஸ்பத்திரி விசயங்களை, அந்தச் சத்து ஊசி மாதாமாதமா இல்லை எப்படி என்பதை, எதை முதலில் உண்பது எதை விலக்குவது என்பதை, படித்த பிள்ளை யாராவது நர்சம்மாவிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். தப்பு இருந்தால் அடித்துத் திருத்துங்கள், எனக்கு வருத்தம் இல்லை.

கூட்டத்தில் பேச்சியம்மாள் மைக்கில் சொன்னதையும் அதோடு சேர்த்துத் திருத்துங்கள். 'வயித்து ஆபரேசனால மதினி வேலைய விட்டுட்டாக' என்று சொன்னாள். அது தப்பு. வயிறு போன பிறகுதான் நான் இன்னும் அத்தனை பருவம் மலை ஏறினேன். நான் வேலையை விட்டு நின்றது முழங்கால் வலியால்.